வலைக்கு அப்பாலிருந்து ஒரு குரல்

மாலை வெயில் டென்னிஸ் மைதானத்தின் பாதியை விட்டு விலகிவிட்டது. ஒற்றையர் ஆட்டம் முடிந்ததும் கூட்டமும் எழுந்து போய்விட்டதால், இரட்டையர் ஆட்டத்தில் ஷூ கிறீச்சிடுவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே ஜோடியாக ஆடிய நெட்டையனும் இடக்கையனும் இன்று வலைக்கு எதிரெதிர்ப் பக்கம் நிற்கிறார்கள். ஆளுக்கொரு புதுக் கூட்டாளி. காதில் ரகசியம் பேசும்போது பந்தால் வாயை மறைத்துக்கொள்ளும் விதம் மட்டும் இருவருக்கும் இன்னும் ஒன்றுபோலவே இருக்கிறது. அந்த நாளில் நெட்டையன் வலையோரம் நிற்பான், இடக்கையன் பின்னால். நெட்டையனின் தலைக்கு மேல் போகும் பந்து கோட்டைத் தாண்டுமா என்று பார்த்துச் சொல்வது இடக்கையன் வேலை. இப்போது இந்தப் புள்ளி போனால் இடக்கையன் மூட்டைகட்ட வேண்டியதுதான். அவன் பந்தை உயரத் தூக்கி அடிக்கிறான். எதிரே நெட்டையன் மட்டையை ஓங்கிவிட்டான். பந்து கொஞ்சம் நீளம், கோட்டைத் தாண்டிவிடும் என்பது அடித்தவனுக்கு உடனே தெரிந்துவிடுகிறது, வாய் முந்திக்கொள்கிறது. "விடு மச்சான்!" ஓங்கிய மட்டை அப்படியே இறங்குகிறது. பந்து கோட்டுக்கு வெளியே விழுந்து துள்ளுகிறது. "அண்ணே, நீங்க யாரு பக்கம் ஆடுறீங்க?" என்று தலையில் கைவைத்துக்கொள்கிறான் புதுக் கூட்டாளி. இடக்கையன் நாக்கைக் கடித்துக்கொள்கிறான். நெட்டையன் மட்டும், பந்து எங்கே விழுந்தது என்று திரும்பியே பார்க்காமல், கையை நீட்டியபடி வலையை நோக்கி வந்துகொண்டிருக்கிறான்.