மடக்கு ஊசி

மகளின் அறைக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டவில்லை.

தட்டித் தட்டிப் பொழுதை வீணாக்கியது போன முறை செய்த தப்பு.

மகள் இன்று வேலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து உள்ளே பேச்சு மூச்சு இல்லை. முன்னறையில் பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள் தாய். பையிலிருந்த, பூட்டைத் திறக்கும் மடக்கு ஊசியை எடுத்துக்கொண்டு கதவின் முன் மண்டியிட்டாள்.

போன முறை பூட்டுக்காரர் ஆடி அசைந்து வந்தார். பையைக் கவிழ்த்து, ஒவ்வொரு ஊசியாக நுழைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் கதவைத்தான் உடைத்தார்கள். மகள் மயிரிழையில் பிழைத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வர மகள் ஒரே நிபந்தனைதான் வைத்தாள். கதவும் பூட்டும் பழையபடி வேண்டும்.

"பூட்டு இல்லாத ரூம்ல படுக்க நான் என்ன கைதியாம்மா?"

டாக்டரும் அவள் பக்கம்தான் பேசினார். தாய்க்கு மனமில்லை. ஆனாலும் தச்சரை வரச்சொன்னாள்.

பிறகு தெருக்காரர்கள் வாய்க்குப் பயந்து, பஸ் ஏறி, முன்பின் தெரியாத ஒரு பூட்டுக்கடைக்குப் போனாள். கடைக்காரர் பேனாக்கத்தி போல மடங்கும் ஊசி செட்டுகளைக் கண்ணாடி மேல் பரப்பினார். ஒன்றில் உலகத்துப் பூட்டுக்கெல்லாம் ஊசி இருந்தது. தூக்கினால் கை வலித்தது. இன்னொன்று பளபளவென்று இருந்தது. விரித்தால் ஊசி கிழவன் பல்லாக ஆடியது. உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் சின்னதை அவள் எடுத்துக்கொண்டாள்.

"யார் வீட்டுல கைவரிசை காட்டப் போறீங்க?" என்றார் கடைக்காரர்.

"எங்க வீட்டுலதான்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

தையற்காரிக்கு ஊசியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டுமா? வீட்டுக்கு வந்ததும் கைப்பிடித் திருகைக் கழற்றி, வேண்டாத ஊசிகளை உருவிப் போட்டாள். பதறும் நேரத்தில் எது எது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. நுனி வளைந்தது ஒன்று போதும். சாவித் துவாரத்துக்கு அதுவும் கொஞ்சம் தடிமன். அரத்தால் ராவி, உப்புத்தாளால் வழவழப்பாக்கினாள். பூட்டைத் திருப்பிப் பிடிக்கும் தட்டைக் கம்பி தனியாக வந்திருந்தது. எங்காவது விழுந்து தொலையுமென்று அதைக் கைப்பிடியோடு நூலால் கட்டினாள். மடக்கும்போது சத்தம் வராமலிருக்க நடுவில் கம்பளித் துணி வைத்தாள்.

மகள் அறையைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போன நேரமெல்லாம் பழகினாள். பூட்டுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன பின்கள். ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். மூன்றாவது ஒரு அடங்காப்பிடாரி. பூட்டு திறந்ததும், கதவைத் தள்ளாமல், உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், அதே ஊசியால் மறுபடி பூட்டிவிடுவாள். மகளின் அறையை வேவு பார்க்கக் கூடாது என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

நாளாக ஆக, கண்ணை மூடிக்கொண்டும் திறக்க வந்தது. கொஞ்சம் கர்வம்கூட வந்தது. எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய்விடலாம் என்ற தெம்பில்தான் அவள் தூங்கினாள்.

இப்போது கம்பியை நுழைத்து மெல்ல அழுத்தினாள். முதல் பின் ஏறியது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவது முரண்டு பிடித்தது.

நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. ஏறு, என் ராசாத்தி, ஏறு என்று இரும்பைக் கெஞ்சினாள். ஏறியது. மற்றவை மறுபேச்சில்லாமல் ஏறின. பூட்டு சுழன்றது. கதவைத் தள்ளினாள்.

மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முதுகு மெல்ல ஏறி இறங்கியது.

போன உயிர் திரும்பி வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையில் ஏதோ ஜில்லென்று உறுத்தியது.

கதவின் உட்புறம் ஒரு தாழ்ப்பாள். தச்சர் போட்டதல்ல. கனத்த இரும்பு, திருகுகள் கடைசி வரை முடுக்கியிருந்தன. நிலையில் அதற்கு அளவாகத் துளை. வெளியிலிருந்து அதற்குச் சாவித் துவாரம் கிடையாது. எந்த ஊசியும் எட்டாது.

தாழ்ப்பாளின் மேல் தூசு படிந்திருந்தது.

மகள் அதைப் பொருத்தி வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். ஒவ்வொரு ராத்திரியும் அது அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. இன்றைக்கு வரை அவள் அதைத் தள்ளவில்லை. அவ்வளவுதான்.

"கதவச் சாத்திட்டுப் போம்மா." மகள் திரும்பாமலே சொன்னாள்.

சாத்தினாள். வெளியே தரையில் உட்கார்ந்து கதவில் காதை வைத்தாள். உள்ளே இரும்பு நகர்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.