ஃபிரிட்ஜ் சாருக்குப் பெண்

"அந்த ஃபிரிட்ஜ் சாருக்கெல்லாம் எவனாவது பெண்ணு குடுப்பானா?" என்று பிரேமகுமாரி கேட்டதும், பாய் விரித்துக்கொண்டிருந்த ஜெஸியின் கை அப்படியே நின்றுவிட்டது.

கேட்டது டிவி தொடரில் வருகிற ஒருவனைப் பற்றித்தான். ஒரே வீட்டில் நாலு விஞ்ஞானிகள், நாலு பேருக்கும் மனிதரோடு பழகத் தெரியாது, அதுதான் கதை. அதில் ஒருவன், வீட்டுக்கு யார் வந்தாலும் ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு, வந்தவர் போகும்வரை அப்படியே நிற்பான். உதியன்குளங்கரையில் அவனைத் தெரியாத வீடு கிடையாது.

அன்று மாலை ஜெஸியின் வீட்டில் ஜெபக்கூட்டம். ஜெபம் நடத்தும் உபதேசியார் வரக் கொஞ்சம் நேரமாகும் என்று ஃபோன் வந்திருந்தது. கூடியிருந்த பெண்கள் அதுவரை சும்மா இருப்பார்களா? தொடரைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒருத்திக்கு அவன் பாவம். இன்னொருத்திக்கு அவனைக் கண்டாலே எரிச்சல், படித்துப் படித்துக் கிறுக்குப் பிடித்தவன் என்றாள். மற்ற மூன்று விஞ்ஞானிகளும் தண்டம், அவன் ஒருத்தனுக்காகத்தான் பார்க்கிறேன், சிரித்துச் சிரித்துச் சோறு ஆறிப்போகிறது என்றாள் சுவரோரம் இருந்தவள். பக்கத்து வீட்டு விஜயம்மாதான் எல்லாரையும் விட ஒரு படி மேலே போனாள்.

"அவனெ சொல்லி என்ன காரியம்? அவனுக்க அம்மயெ சொல்லணும். வளத்த கொணமாக்கும்!"

எல்லாரும் தலையாட்டினார்கள். ஜெஸியும் ஆட்டினாள். நெஞ்சு மட்டும் மிளகாய் அரைத்த கை போல எரிந்தது.

விஜயம்மா மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. ஜெஸியின் மகன் வினீத்துக்கு இந்த வரனைக் கொண்டுவந்ததே அவள்தான். பிரேமகுமாரி பெண்ணுக்கு அத்தை, அமரவிளைக்காரி. முறைப்படி பெண் பார்ப்பதற்கு முன்னால் பையனை ஒரு கண் பார்த்துவிட்டுப் போக, ஜெபக்கூட்டத்துக்கு வந்தவளைப் போல வந்திருந்தாள். இந்தப் பக்கத்தில் அதெல்லாம் நடப்பதுதான். கையில் பைபிள் இருந்தது, கண் உள்ளறைக் கதவில் இருந்தது.

அந்தக் கதவுக்குப் பின்னால்தான் வினீத் இருந்தான். ஐதராபாத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில், பூச்சிகளுக்கு எப்படிக் காது கேட்கிறது என்று ஆராய்கிறவன். லீவில் வந்திருந்தான். ஆட்கள் வந்ததும் ஒருமுறை வெளியே வா மக்கா, வந்தீங்களா என்று ஒரு வார்த்தை கேள், அது போதும் என்று காலையிலேயே ஜெஸி கெஞ்சியிருந்தாள். சரி என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் கம்பியைப் பார்த்துச் சொன்னான்.

இது மூன்றாவது வரன். முதல் இரண்டு வரன்காரர்களும் பையனைப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி, பிறகு கூப்பிட்டால் ஃபோனை எடுக்கவில்லை. பணம் வேண்டாம், நகை வேண்டாம். தன் காலத்துக்குப் பிறகு அவனோடு ஒரு ஆள் இருக்க வேண்டும். தினமும் முழங்காலில் நின்று ஜெஸி கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

கதவு திறந்தது.

ஜெஸி எடுத்துவைத்த நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தான். அவனைக் கண்டதும் முன்னறையிலிருந்த அத்தனை முகமும் ஒரே நேரத்தில் திரும்பியது. அவன் வாயைத் திறந்தான். மூடினான்.

சொல்லிவிடு மக்கா, ஒரு வார்த்தை, என்று ஜெஸி மனதுக்குள் பதறினாள்.

வினீத் விறுவிறுவென்று சாப்பாட்டு மேஜையைத் தாண்டிப் போனான். ஃபிரிட்ஜைத் திறந்தான். தலையை உள்ளே விட்டுக்கொண்டான்.

எல்லாம் போயிற்று என்று ஜெஸி கண்ணை மூடிக்கொண்டாள்.

பிரேமகுமாரிதான் முதலில் வெடித்தாள். "எக்கா, ஃபிரிட்ஜ் சாரு! அப்பிடியே நிக்கியான் பாருங்க!"

வீடே சிரித்தது. விஜயம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒரு தமாசுக்காரனையா உள்ளே பூட்டி வைத்திருந்தாய் என்று ஜெஸியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

ஜெஸி எழுந்து மகனிடம் போனாள். ஃபிரிட்ஜ் கதவை அவன் இறுகப் பிடித்திருந்தான். கதவுத் தட்டில் இருந்த குப்பிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சிரிப்புச் சத்தத்தில் அது அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

"எங்க பிள்ளைக்கும் இந்த தொடருன்னா உயிராக்கும். ரண்டும் நல்ல சேரும்," என்றாள் பிரேமகுமாரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இவன் ஒரு நாளும் விடாம பாப்பான், இல்லியா?"

ஜெஸி மகனுடைய முதுகைப் பார்த்தாள். நீலச் சட்டை வேர்வையில் ஒட்டிப் போயிருந்தது.

"ஒரு நாளும் விடமாட்டான்," என்றாள். சொல்லிவிட்டு, எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள்.

அம்மாவின் சிரிப்பு ஃபிரிட்ஜுக்குள் இருந்தவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். குப்பிகளின் சத்தம் சட்டென்று நின்றது.

வினீத் அந்தத் தொடரை ஒரு நாளும் பார்த்ததில்லை. முதல் இரண்டு வரன்காரர்கள் வந்தபோதும் இதே ஃபிரிட்ஜின் முன்னால்தான் நின்றான். அப்போது தொடர் தொடங்கியிருக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை.