முழங்கால் பில்

"குட் மார்னிங் ஸ்டீவ், நான் ஜெஸிகா" என்று தேனொழுகச் சொன்னாள் அவள். மனசுக்குள் இருந்த வார்த்தை வேறு.

அமெரிக்காவில் காலை. இங்கே திருவனந்தபுரம் வலியசாலையில் விளக்கேற்றும் நேரம். ஜெஸிகாவின் சொந்தப் பெயர் ஸ்மிதா. ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள்.

அமெரிக்காவில் யாராவது முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டால், ஆஸ்பத்திரிக்குச் சேர வேண்டிய பணத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து கறப்பது ஸ்மிதாக்களின் வேலை. கறக்க விடாமல் இருப்பது ஸ்டீவ்களின் வேலை. இந்தத் தொழிலில் போன் பேசுவதற்கென்றே ஒரு வெள்ளைக்காரப் பெயர் வைத்துக்கொள்வார்கள்.

ஸ்டீவை அவள் பார்த்ததில்லை. வழுக்கைத் தலை, பெரிய தொந்தி, காலடியில் ஒரு நாய் என்று தானாகவே ஓர் உருவம் கொடுத்து, தினமும் அதைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு முழங்கால் பில்லை மூன்று வாரமாக ஏதாவது நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான் அவன்.

அப்பா சேஷனுக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. பெண்ணின் பதினைந்தாயிரம் சம்பளத்தை வெளியே சொல்ல அவருக்குக் கூச்சம். வியாதிக்கெல்லாம் கோடு நம்பர் போடுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல், டீம் லீடருக்கு அதைவிடக் கூடுதல், அதற்கு மேலே ஆடிட்டர் என்று ஸ்மிதா படிப்படியாக விளக்கியும் அவர் இறங்கி வரவில்லை. பழவங்காடிக்குப் போய் அரசாங்க கிளார்க் வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை கைடுகளை வாங்கிவந்து மேஜைமேல் அடுக்கிவிட்டார்.

"இந்த மாசத்துக்குள்ளே டீம் லீடர் ஆகணும். இல்லேன்னா போன்ல கொஞ்சினது மதி, போறும், ஒண்ணாந் தேதியிலேர்ந்து கோச்சிங் கிளாஸ்" என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது.

முழங்கால் பில் பாஸானால் டீம் லீடர் நாற்காலி ஸ்மிதாவுக்கு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த பில்லுக்கு இன்றுதான் கடைசி நாள். தவறினால் அந்தப் பாழாய்ப்போன கிளார்க் பரீட்சைதான்.

வழக்கமாக அவள் கூடத்தில் உட்கார்ந்துதான் போன் பேசுவாள். இன்றைக்குப் பார்த்து நீலாம்பாள் மாமி வந்து கூடத்தைப் பிடித்துக்கொண்டாள். போன மாதம்தான் மகன் கிரிஷோடு பக்கத்து வீட்டில் குடியேறியவள். அவள் வாயைத் திறந்தால் மகன் புராணம்தான்.

"எங்க கிரிஷுக்கு அமெரிக்கன் கம்பெனியாக்கும். எழுபதாயிரம் சம்பளம். அங்கே பெரிய பெரிய மனுஷாள்ளாம் இவன் வாயிலேர்ந்து ஒரு யெஸ் வராதான்னு காத்துண்டிருப்பா" என்றாள் மாமி.

"கேட்டியோ ஸ்மிதா, ஜோலின்னா அது ஜோலி" என்றார் சேஷன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

ஸ்மிதா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுவரோடு சுவர் ஒட்டிய அக்ரஹாரத்து வீடுகளில் கதவைச் சாத்தி என்ன பிரயோஜனம்? அம்மா விஜயம் அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு மாமியின் கதையில் சொக்கிப்போயிருந்தாள். பேச ஆரம்பித்த உடனே சமையலறையிலிருந்து குக்கர் வீறிட்டது.

 அடுப்பைப் பார்க்க வேண்டுமென்றால் தான் காத்திருப்பதாக மறுமுனையில் ஸ்டீவ் சொன்னான். கரிசனத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அடுப்பு கிடக்கட்டும், பில்லைப் பாருங்கள் என்றாள் ஸ்மிதா.

பார்த்தான். டாக்டரின் கடிதம் எங்கே என்றான். அனுப்பியாயிற்று என்றாள். எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் எந்தக் கால் என்று இல்லையே என்றான். இரண்டாம் பக்கத்தில் வலது கால் என்று இருப்பதைக் காட்டினாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டாள்.

இது பாஸானால் தனக்கு டீம் லீடர் பதவி, இல்லையென்றால் வேலையையே விடவேண்டும் என்று ஜெஸிகாவின் குரலில் ஆரம்பித்து ஸ்மிதாவின் குரலில் முடித்தாள்.

ரூல் என்றால் ரூல்தான், ஆனாலும் இரண்டாம் பக்கத்தை மறுபடி பார்க்கிறேன் என்று அவளை லைனில் நிறுத்திவிட்டுப் போனான் ஸ்டீவ். காதில் பியானோ இசை ஓடியது. கூடத்தில் அப்பா, இப்படி ஒரு பிள்ளை வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மாமியிடம் உருகிக்கொண்டிருந்தார்.

இசை நின்றது. எல்லாம் சரியாக இருக்கிறது, பில் அப்ரூவ்டு என்றான் ஸ்டீவ். ஸ்மிதாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வழுக்கைத் தலையையும் தொந்தியையும் நாயையும் அந்த நிமிஷமே மன்னித்தாள். அவன் குட் டே சொல்லி போனை வைத்ததும் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

குக்கர் மறுபடியும் வீறிட்டது. கூடவே, பக்கத்துச் சுவரில் யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

"ஜெஸிகா" என்றது சுவர். "முதல்ல உங்காத்துக் குக்கரை அணைக்கச் சொல்லுங்கோ. ஒரு காதுல போன் வழியா, இன்னொரு காதுல செவுத்து வழியா, தலையே வெடிச்சுடும் போலிருக்கு."

ஸ்மிதா வாயைப் பொத்திக்கொண்டு சுவரையே பார்த்தாள். கூடத்தில் அப்பா எழுபதாயிரத்தை இன்னும் விட்டபாடில்லை.

சுவர் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"டீம் லீடர் ஆனதும் உங்க கம்பெனில எனக்கொரு ஜோலி பாருங்கோ. எங்கம்மா சொல்ற சம்பளத்துல பாதிகூட எனக்குக் கிடையாது."