டீச்சர் முகத்தில் ஒரு மச்சம்

இந்திரகுமாரி டீச்சர் தே தாரிக் குடிக்கப் போன பத்து நிமிஷத்தில், அவர் மூக்கோரத்தில் பாசிப்பயறு அளவுக்கு ஒரு மச்சம் முளைத்தது.

நிஜ மூக்கில் இல்லை. டீச்சர் கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே ஆயில் பெயிண்டில் வரைந்திருந்த படத்தில். புக்கிட் ரோத்தான் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் ஏழு பேர் அதைப் பார்த்துத்தான் வரையப் பழகினார்கள்.

மச்சம் வைத்தவன் புனிதன். பதினேழு வயசு.

டீச்சருக்கு இரண்டே சட்டம். "இருக்கிறதை மட்டும் போடுங்கோ. என்ர படத்தில கை வைச்சால் அடுத்த கிழமை வர வேண்டாம்." இதை டீச்சர் குரலிலேயே புனிதன் பேசிக் காட்டினால், லோரி ஓட்டும் உடையப்பன் அண்ணன் சிரித்துப் பிரஷைக் கீழே போட்டுவிடுவார்.

எல்லாரும் தேநீருக்குப் போயிருந்தார்கள். ஸ்கூல் வேன் ஓட்டும் நாகமணி அக்கா மட்டும் பின்வரிசையில் குனிந்து வரைந்துகொண்டிருந்தார். டீச்சருக்குச் செல்லமான மாணவி. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் வெளிச்சமும் நிழலும் பிரியும் என்று டீச்சர் சொன்னதை விடாமல் செய்பவர் அவர்தான். அவர் படத்தில் ஓரமெல்லாம் பனி மூடினமாதிரி இருக்கும். அதை டீச்சர் தூக்கிக் காட்டிப் புகழ்வார்.

திரும்பி வந்தவர்கள் மச்சத்தைப் பார்த்தார்கள். எட்டு வாரமாக இது கண்ணில் படவே இல்லையே லா என்று உடையப்பன் அண்ணன் தலையில் தட்டிக்கொண்டு, தன் படத்திலும் ஒன்று வைத்தார். வரிசையாக எல்லாரும் வைத்தார்கள். சந்தேகம் வராமலிருக்கப் புனிதனும் வைத்தான்.

டீச்சர் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மச்சம். மச்சம். மச்சம். தன் மூக்கைத் தடவிப் பார்த்தார். பிறகு அசல் படத்தைப் பார்த்தார்.

"அது அசலில இல்லையெண்டு தெரிஞ்ச ஆள்தான் அதைப் போடாமல் விட்டிருக்கும்," என்றார்.

மச்சம் இல்லாத படம் ஒன்றே ஒன்றுதான்.

அது நாகமணி அக்காவுடையது. அக்கா எழுந்து, "நான்தான் டீச்சர். சும்மா விளையாட்டுக்கு," என்று சொல்லிவிட்டுப் பிரஷ்களை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

இந்தப் படம் முடிந்தால்தான் புனிதன் ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். ஊரிலுள்ள எல்லார் குரலும் வரும் தொண்டையில், அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

ஆனால் அக்கா வெளியேறியதும் அவர் பின்னால் ஓடினான். வேனில் டியூஷன் பிள்ளைகள் ஏறிவிட்டிருந்தார்கள். முன்சீட்டில் அவன் தங்கச்சி.

"அக்கா, நான் வெச்சதைப் பார்த்தீங்கதானே? என்னைக் காப்பாத்தத்தானே அப்படிச் சொன்னீங்க?"

அக்கா சன்னல் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீயா வெச்ச? எனக்கு எங்கடா தெரிஞ்சது. கண்ணுல புரை விழுந்து ஆறு மாசமாச்சு. எல்லாரும் பார்த்த மச்சம் எனக்கு மட்டும் தெரியலன்னா, யாரு நம்பிப் பிள்ளைங்களை ஏத்திவிடுவாங்க? வெளிய சொல்லிராதப்பா."

சாவியைத் திருகி, வழக்கம்போல் கண்ணைச் சுருக்கி ரோட்டைப் பார்த்தார். தங்கச்சி டாட்டா காட்டினாள்.

புனிதன் சன்னலுக்குள் கையை விட்டுச் சாவியை உருவினான். மண்டபத்தைப் பார்த்து, யார் குரலையும் இரவல் வாங்காமல் கூப்பிட்டான்.

"டீச்சர், மச்சம் வெச்சது நான். அக்கா கண்ணுக்கு அது தெரியவே இல்ல."