மெல்லிய வாய் மீன்

மூன்றாவது மீனும் அவளுடைய தூண்டிலில்தான் பட்டது.

அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. தண்ணீர். சுற்றிவர மலை. பதினொரு வருடக் கனடாவில் மலை பார்த்து அலுத்துவிட்டது.

"அக்காவுக்கு நல்ல கைராசி அண்ணை" என்றான் காந்தன்.

காந்தன் மரஆலையில் அவனோடு வேலை செய்பவன். பத்து வயது இளையவன். கொக்கனி என்கிற ஏரிமீன் பிடிக்கப் பழக்கித் தருகிறேன் என்று தன் சின்னப் படகில் ஏற்றி வந்து, பின்னால் மோட்டரைப் பிடித்தபடி இருந்தான்.

பழக்கச் சொல்லிக் காந்தனைக் கேட்டது அவன்தான்.

மனைவி சுபோதினி தேத்தண்ணிப் போத்தலோடு கூட வந்தவள். அவள் பெயரிலும் லைசென்ஸ் எடுத்ததே, படகில் இன்னொரு தூண்டில் போடலாம் என்பதற்காக.

அவன் மாதகலான், கடற்கரை ஊரில் பிறந்தவன். நடக்க முதலே கடலில் இறங்கியவன் என்று தாய் சொல்வாள். சுபோதினி கிளிநொச்சியில் வயல் பார்த்து வளர்ந்தவள். மீனைச் சட்டியில் கண்டதோடு சரி. இன்றைக்கு அவளுக்கு ஒன்றைக் காட்டலாம் என்று நினைத்திருந்தான். பதினொரு வருடமாக அவள் பார்த்ததெல்லாம் பலகை அடுக்குகிற ஒருவனைத்தான்.

படகு ஆள் நடக்கிற வேகத்தைவிட மெல்ல ஊர்ந்தது.

பின்னால், நாற்பதடி ஆழத்தில், பளபளத்த தகடு ஒன்று ஆடி ஆடி வரும். அதற்குப் பின்னால் சின்ன முள். முள்ளில் இரண்டு வெள்ளைச் சோளமணி. நேற்றுச் சுபோதினி அதை உள்ளியும் பெருஞ்சீரகமும் இடித்துப் போட்டு ஊறவைத்திருந்தாள். கறிக்குப் பிரட்டுவதுபோல.

இந்த மீன் பசியில் கவ்வுவதில்லை, எரிச்சலில்தான் கவ்வும் என்றான் காந்தன்.

அந்தளவில் அவனுக்கு அந்த மீன் விளங்கியது.

அவனுக்கும் மீன் படாமல் இல்லை. நான்கு தரம் பட்டது. தூண்டில் நுனி ஆடிய கணமே அவன் கை சுண்டிவிடும். ஊரில் அப்படித்தான். நூலில் தட்டினால் சுண்ட வேண்டும். சுண்டாதவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான். இங்கே சுண்டினால் மீனின் வாய் கிழிந்து, முள் மட்டும் மேலே வந்தது.

"இதின்ர வாய் கடதாசி மாதிரி அண்ணை. சுண்டாதேங்கோ. சும்மா நூலைச் சுத்துங்கோ."

நான்கு தரமும் காந்தன் சொன்னான். நான்கு தரமும் அவன் தலையாட்டினான்.

சுபோதினிக்கு மறக்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. சுற்றச் சொன்னால் சுற்றினாள். நிற்பாட்டச் சொன்னால் நிற்பாட்டினாள்.

பெண்சாதிமேல் பொறாமைப்படுவது வெட்கக்கேடு. அது அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன, வயிறு எரிந்தது.

நான்காவதும் அவளுக்கே பட்டது.

பெரியது. தூண்டில் வளைந்த வளைவிலேயே தெரிந்தது. காந்தனால் மோட்டரை விட முடியாது. வலை அவன் பக்கத்தில் கிடந்தது.

"இஞ்சேருங்கோ, வலை" என்றாள் அவள் புருசனிடம்.

அவன் வலையைத் தண்ணீரில் தாழ்த்தினான். மீன் தெரிந்தது. வெள்ளிப் பக்கம், பச்சை முதுகு. களைத்துப்போய், தலையை முன்னால் வைத்து வலையை நோக்கித் தானாகவே வந்தது.

அவள் அவனைப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கலியாண வீட்டில்கூட அவள் அப்படிச் சிரித்து அவன் கண்டதில்லை.

வலையின் விளிம்பு நூலில் பட்டது.

படகு ஆடியது என்று சொல்லலாம். கை வழுக்கியது என்று சொல்லலாம். பட வைத்தான் என்பதுதான் உண்மை.

முள் கழன்றது, மீன் ஒருதரம் புரண்டது. பிறகு தண்ணீர் மட்டும் இருந்தது.

"நடக்கிறதுதான்" என்றான் காந்தன்.

சுபோதினி வலையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கையைத் துடைத்துவிட்டுப் போத்தலைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினாள். முதல் கோப்பையை அவனுக்கு நீட்டினாள்.

சூடு நாக்கில் பட்டது. அவன் குடித்து முடித்தான்.

அதன் பிறகு ஒருவருக்கும் ஒன்றும் படவில்லை.

கரையில் இறங்கியதும் காந்தன் வாகனத்தைக் கொண்டுவரப் போனான். அவர்கள் இருவரும் படகைப் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். மூன்று மீனும் வாளியில் கிடந்தன.

அவளுடைய போன் அடித்தது. டொரொன்ரோவிலிருந்து தமையன். கையெல்லாம் மீன் செதில் என்பதால் அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன, மச்சான் ஏதும் பிடிச்சவரோ?"

"மூண்டு" என்றாள். "எல்லாம் இவர்தான். நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கொண்டு சும்மா இருந்தனான்."

குரல் தடக்கவில்லை. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

தமையன் சிரித்தான். மாதகலான் எண்டால் சும்மாவே என்றான்.

கேட்டு நின்றவனுக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவளுடைய அந்தக் குரலை அவன் முன்பும் கேட்டிருக்கிறான். வீடு வாங்கியபோது. வந்தவர்கள் எல்லாரும் நல்ல வீடு, நல்ல விலை என்றார்கள். எல்லாரிடமும் அவள் சொன்னாள், "இவர்தான் தேடிப் பிடிச்சவர்."

அந்த வீட்டை முதலில் கண்டது யார் என்று அவன் யோசித்துப் பார்த்தான்.

ஞாபகம் வரவில்லை. அவள் சொன்னது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.