வேண்டாம்னா சபாஷா?

"கதவைச் சாத்தலாமா?" உள்ளே பிசியோதெரபிஸ்ட் பெண் கேட்டது.

"வேண்டாம்," என்றாள் மருமகள்.

"சரி, திறந்தே இருக்கட்டும். படுத்துக்கறீங்களா?"

"இல்ல, உட்கார்ந்துக்கறேன்."

"தாராளமா. இப்ப வயித்து மேல கை வைக்கலாமா?"

கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம், "வேண்டாம்."

"சபாஷ்! போன வாரம் இதையே கேட்டப்ப வாயே திறக்கல. இன்னைக்குச் சொல்லிட்டீங்க பாருங்க!"

வெளியே பெஞ்சில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமியாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இடுப்பு வலி என்றுதானே வாராவாரம் வருகிறாள்? கையே வைக்காமல் அதென்ன வைத்தியம்? வேண்டாம்னா சபாஷா? அந்தக் காலத்தில் இவள் புருஷனிடம் அப்படிச் சொன்ன ஒரே ஒரு தடவை, கன்னம் பழுத்துவிட்டது!

வழக்கமாக மகன்தான் துணைக்கு வருவான். இன்றைக்கு அவனுக்கு ஆபீசில் வேலை, அதனால் இவள் வந்தாள். ஏற்கெனவே மனசு கொதித்துக்கொண்டுதான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து பிள்ளை ஹாலில் மெத்தையைப் போட்டுப் படுக்கிறான். கேட்டால், "இங்கதான்மா காத்து நல்லா வருது" என்கிறான். காத்தாம் காத்து! யார் காதில் பூச்சுற்றுகிறான்? இந்த மகராசிதான் அவனை வெளியே தள்ளியிருப்பாள். என் பிள்ளை ஒரு வாயில்லாப் பூச்சி.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

"ஏம்மா, தொடாமலே வைத்தியம் பார்க்கறதை இங்கதான் பார்க்கறேன். இவளுக்கு என்னதான் கோளாறு? வீட்டுல யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க."

அந்தப் பெண் இவளுக்குப் பதில் சொல்லவில்லை. மருமகளைப் பார்த்து, "சொல்லலாமா?" என்று கேட்டது.

மருமகள் தரையைப் பார்த்தாள். "நானே சொல்றேன்."

சொன்னாள். முன்னே வேலை பார்த்த இடத்தில் ஒருத்தன் அவளைப் பலவந்தம் பண்ணியிருக்கிறான்.

"வேண்டாம் வேண்டாம்னு கத்தினேன் அத்தை. அவன் நிறுத்தல. இப்ப இவரு ஆசையாப் பக்கத்துல வந்தாக்கூட உடம்பு கல்லா இறுகிப்போயிடுது. உயிர் போற வலி."



"இடுப்புக்கு அடியில இருக்கற தசைம்மா," என்றது அந்தப் பெண். "பயம் அங்க போய் உட்கார்ந்துக்கிச்சு. தளர்த்தறதுக்குப் பயிற்சி இருக்கு. ஆனா வேண்டாம்னா கை நிக்கும்னு அந்த உடம்பு முதல்ல நம்பணும். அதுக்குத்தான் சபாஷ்."

"அப்ப... என் பிள்ளை?"

"அவர்தான் அத்தை என்னை இங்க கூட்டிட்டு வந்தது. எனக்குப் பயம் போற வரைக்கும் ஹால்ல படுக்கறேன்னு சொன்னதும் அவர்தான்."

மாமியார் பக்கத்திலிருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். வந்த கோபம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. வேறு ஏதோ ஒன்று வந்து போட்டுக் குழப்பியது.

வேண்டாம்னா நிக்குமா?

கல்யாணமான நாளிலிருந்து மாமியாருக்கும் வலிதான். பல்லைக் கடித்துக்கொண்டே மூன்று பிள்ளை பெற்றாள். "அப்படித்தான்டி இருக்கும், பொறுத்துக்க" என்று அம்மா சொன்னாள். இவளும் மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது அதையே சொல்லித்தான் அனுப்பினாள். ஐயோ, அவள் எப்படி இருக்கிறாளோ! ஒரு நாளாவது கேட்டிருப்பேனா?

கண் முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் பக்கத்தில் வந்து, கையை நீட்டியபடியே நின்றது.

"அம்மா, உங்க தோள்ல கை வைக்கலாமா?"

மாமியார் திருதிருவென்று விழித்தாள். அவளையா கேட்கிறது? அந்தக் கை தோளில் பட்டால் ஆறுதலாகத்தான் இருக்கும். இருந்தாலும், ஒரு தடவை சொல்லித்தான் பார்ப்போமே.

"வேண்டாம்."

நீட்டிய கை பேசாமல் திரும்பிப் போனது.

மாமியார் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.