அறுபதாவது நிமிஷம்

எண்பது நிமிஷ ஆட்டத்தில் சரியாக அறுபதாவது நிமிஷம். பக்கத்து சீட்டு நார்மன் எழுந்துவிட்டார்.

"போதும்ப்பா! இவனுங்க ஆடறதைப் பாக்கறதுக்கு, வீட்டுல சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கலாம். நான் கிளம்பறேன்."

லீக் ஆட்டத்தில் இப்படிப் பாதியில் போவது அவர் வழக்கம்தான். இந்த வருஷம் எங்கள் கிராக்டேல் ரக்பி அணி இருபது ஆட்டத்தில் பதினாறு தோற்று, பட்டியலில் கடைசி. போனால் யார் கேட்பார்கள்?

ஆனால் இன்று கோப்பைக் காலிறுதி! பெரிய ஊர்க்காரர்களோடு பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று சமமாக நிற்கிறது. ஜெயித்தால் அரையிறுதி. நாற்பத்தோரு வருஷமாக எங்கள் ஊர் பார்க்காதது.

"யோவ் நார்மன், இன்னிக்குமா?" பின்வரிசை டெனிஸ் அக்கா கத்தினாள்.

"தோக்கத்தானே போறாங்க. வயிறெரிய எதுக்கு உக்காரணும்?"

"ஓடுகாலி! ஜெயிச்சா மட்டும் கொண்டாட வந்துடாதே!"

எல்லாரும் சிரித்தார்கள். யாரோ ஒரு சிப்ஸை அவர் தொப்பி மேல் எறிந்தார்கள்.

எனக்கும் கோபம்தான். 'சாகறதுக்குள்ள ஒரு அரையிறுதி பாத்துடணும் கண்ணு'ன்னு நீங்கதானே சொன்னீங்க? மனசுக்குள் கேட்டேன். எனக்கு நாலு பேர் நடுவில் வாய் வராது.

எழுபத்தெட்டாவது நிமிஷம் என் மடியிலிருந்த குழந்தை பாலுக்கு வீறிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு பாட்டிலைச் சூடு பண்ண ஓடினேன். ஸ்டாண்டுக்கு அடியில் இருக்கும் டீக்கடையில் ஆளே இல்லை, எல்லாம் ஆட்டத்தில்.

அதற்குள் தலைக்கு மேல் ஒரே கூச்சல். தடதடவென்று கால்கள் குதிக்கிற சத்தம். நம்ம ஆள் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தை வைத்து ட்ரை எடுத்துவிட்டான்! நான் பார்க்கவில்லை.

பக்கத்தில் ஒரு கதவிடுக்கில் ஆவி வந்தது. வெந்நீர் இருக்குமோ என்று தள்ளினேன். ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறை.

பழைய பாய்லர் முன்னால் மண்டி போட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, நார்மன்!

"நம்ம ட்ரைதானே கண்ணு? சத்தத்துலயே தெரிஞ்சுது!" கன்னமெல்லாம் ஈரம்.

"நீங்க... வீட்டுக்குப் போகலையா?"

பாட்டிலை வாங்கி வெந்நீரில் வைத்தார். "இந்தக் கிழட்டு பாய்லர் சூடாக இருபது நிமிஷம் ஆகும்மா. நகர்ந்தா அணைஞ்சுடும். பசங்க சேத்தோட வந்து பச்சைத் தண்ணியிலயா குளிப்பானுங்க? காலையில எல்லாருக்கும் வேலை வெட்டி இருக்கு."

மேலே ஆட்டம் முடிந்த ஹூட்டர் ஊதியது. ஊரே பாட ஆரம்பித்தது. ஜெயித்துவிட்டோம்! இரண்டு பேரும் குதித்ததில் குழந்தைகூட அழுகையை நிறுத்திச் சிரித்தது.

"அங்க உங்களை எப்படித் திட்டறாங்க! நான் போய்ச் சொல்லப் போறேன்" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

"ஐயையோ, சொல்லிடாதே! 'இன்னிக்கு நீ உக்காரு, நான் போறேன்'னு எவனாவது எழுந்துடுவான். பாவம், அவன் கடைசி இருபது நிமிஷம் பாக்க வேணாமா?"